இசை நாடக விழாச் சுவரொட்டி: வரைந்தவரிடமே கேட்போம்

மாசிவீதிக்காரன் எழுதியது:

நம் மதுரைச் சபா ஒன்றின் இசை, நடன, நாடக விழாவுக்கான சுவரொட்டி மேலமாசி வீதியிலும் டவுன்ஹால் ரோட்டிலும் ஒட்டப்பட்டிருப்பதை இந்த மன்றத்து உறுப்பினர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். வழக்கமாக இத்தகைய சுவரொட்டிகளில் கலைஞர்களின் புகைப்படங்கள் வரிசையாக நிற்கும். மேலே நன்கொடையாளர் பெயர்களும், மூலையில் ஒரு குத்துவிளக்கும் இருக்கும். இதில் அவை எதுவும் இல்லை. திருமலை நாயக்கர் மகாலின் தூண்களுக்கிடையே பாதி சுருண்டு மேலேறிய ஒரு சிவப்புப் படுதா, அதன் கீழே சலங்கை கட்டிய இரண்டு பாதங்கள், ஓரத்தில் ஓர் ஆர்மோனியத்தின் துருத்திப் பக்கம், அடியில் பெயர்ப் பட்டியல்கள், அவ்வளவுதான். மேற்பகுதியில் விழாவின் பெயரைத் தவிர வெறும் வெள்ளைத் தாள். தொலைவிலிருந்து பார்த்தபோது அச்சு முடியும் முன்பே ஒட்டிவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது. அருகில் சென்ற பிறகு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

அதை வரைந்தவர் இங்கே ‘நீர்க்கோலம்’ என்ற பெயரில் எழுதிவருபவர்தான் என்று அறிந்தேன். ஐயா, தாங்கள் எந்த வழியாக ஓவியத்துக்கு வந்தீர்கள், இந்தப் படத்துக்கான எண்ணம் எங்கே பிறந்தது, வெயிலிலும் தூசியிலும் சுவரில் நிற்க வேண்டிய ஒரு தாளுக்கு மென்மையான நீர்வண்ணத்தைத் தேர்ந்தது ஏன் என்பதை விரிவாக எழுத வேண்டுகிறேன்.

நீர்க்கோலம் எழுதியது:

கேட்டதற்கு நன்றி. நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன் அல்லன். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் ஆகியவற்றை லோயர், ஹையர் என்று எழுதித் தேறி, பள்ளியில் ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தவன். அதற்கு முன்பு விளம்பரப் பலகை எழுதும் கடையில் வேலை பார்த்தேன். கடைப் பெயர், லாரியின் பின்புற வாசகம், தேர்தல் காலத்துச் சுவர் எழுத்து, எப்போதாவது திரையரங்குக்கான பேனர் என்று கைக்கு வந்ததையெல்லாம் எழுதியிருக்கிறேன். ஃபிளக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் சில ஆண்டுகளுக்குள் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஆயினும் ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவருக்கு ஓர் எழுத்து எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும், எழுத்தைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும் என்பதை அந்தக் கடை என் கைக்குப் பழக்கிவிட்டது. நீர்வண்ணம் வரைவோரில் பலருக்கு அந்தக் கணக்கு தெரிவதில்லை என்பது என் தாழ்மையான, ஆனால் உறுதியான கருத்து.

வீடும் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார். துணியைச் சிறு புள்ளியாகக் கிள்ளி, நூலால் இறுகச் சுற்றிச் சாயத்தில் முக்கினால், சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. நூலை அவிழ்த்ததும் துணியின் சொந்த நிறம் அங்கே புள்ளியாக நிற்கும். நீர்வண்ணத்தின் அடிப்படையும் அதுவே. தேர்ந்த ஓவியர்கள் வெள்ளையைத் தனி வண்ணமாகப் பூசுவதைக் கூடியவரை தவிர்ப்பார்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தைப் பூசாமல் விட்டுத் தாளின் வெள்ளையையே வெளிச்சமாக்குவார்கள். மிகச் சிறிய இடங்களைக் காப்பதற்கு மாஸ்கிங் ஃபுளூயிட் என்னும் ரப்பர்ப் பாலைத் தொட்டு வைத்து, அது உலர்ந்ததும் மேலே வண்ணத்தை ஓடவிட்டு, எல்லாம் காய்ந்த பின் விரலால் தேய்த்து எடுப்போம். சுவரொட்டியில் உள்ள சிவப்புப் படுதாவின் புள்ளிகள் அப்படி வந்தவை. சில புள்ளிகள் வட்டமாக இல்லாமல் இழுபட்டிருக்கின்றனவே என்று சபாவில் ஒருவர் கேட்டார். கையால் முடிந்த சுங்குடியில் எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல் இராது என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டேன்.

இனி, எண்ணம் பிறந்த இடம். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களின் கோயில் திருவிழாக்களில் விடியவிடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவன் நான். பக்கவாட்டில் விலகும் திரை பிற்காலத்து வசதி. பழைய படுதா அடியில் கட்டிய கழியோடு கீழிருந்து சுருண்டு மேலேறும். கயிற்றை இழுக்க இழுக்க முதலில் தெரிவது நடிகரின் பாதம், பிறகு உடையின் கரை, பிறகு கை, முகம் எல்லாவற்றுக்கும் கடைசி. கூட்டத்தில் உள்ளவர்கள் பாதத்தைப் பார்த்தே இன்னார் வந்துவிட்டார் என்று முணுமுணுப்பார்கள். விழா தொடங்குவதற்கு முன் கண்ணில் படவேண்டிய சுவரொட்டிக்கு அந்தக் கணத்தைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தோன்றவில்லை.

படுதா எழுதுவோர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. கோவில்பட்டி சி.கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, பின்னர் கோவில்பட்டியில் தங்கிக் காலண்டர்ச் சாமி படங்களால் தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்டவர். நம் பூசையறைத் தெய்வங்களுக்குப் பின்னால் ஏரியும் மலையும் தூணும் ஏன் மேடைக் காட்சிபோல் அடுக்கடுக்காக நிற்கின்றன என்று யோசித்துப் பார்த்தால், அவருடைய நாடகத் தொழில்தான் காரணம் என்றே நான் கருதுகிறேன். சுவரொட்டியில் தூண்களை முன், நடு, பின் என்று மூன்று தட்டையான அடுக்குகளாக வைத்தது அவரிடமிருந்து பெற்றது.

மகாலைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது. 1636இல் எழுந்த அம்மாளிகையில் நாடகசாலை என்ற பெயரிலேயே ஒரு மண்டபம் இருக்கிறது. 1792இல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் மதுரைக்கு வந்து அம்மாளிகையை வரைந்தார்கள். அன்றுதொட்டு ஓவியர்கள் அந்தத் தூண்களை விடவில்லை, நானும் விடவில்லை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் கலந்தால் ஒரு சாம்பல் நிறம் கிடைக்கும். அந்த நீலத்தின் துகள்கள் தாளின் குழிகளில் போய்த் தங்குவதால், சுதைப்பூச்சின் சொரசொரப்பு தனியே வரையாமலே வந்துவிடுகிறது. எண்ணெய் வண்ணத்தில் அதற்காக நான் ஒரு நாள் முழுதும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பபூன்வீட்டுப்பேரன் எழுதியது:

படம் அழகு என்பதில் எனக்கு மறுப்பில்லை. சுவரொட்டி என்ற வகையில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. என் தாத்தா பபூன் என்னும் கோமாளி வேடம் கட்டியவர். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்தில் நாடகம் என்றால் நிலையான கம்பெனி, கண்டிப்பான ஒத்திகை. கம்பெனிகள் கலைந்த பின் நிலைத்து நிற்பது ஸ்பெஷல் நாடகம். அதில் நாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், நாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியமும் மிருதங்கமும் பலவகைத் தாளக் கருவிகளை வாசிக்கும் ஆல்ரவுண்டும் வேறு வேறு ஊர்களிலிருந்தும் வந்து, ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில் ஒன்றுசேர்வார்கள். பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்தவை என்பதால் வள்ளி திருமணம் விடியவிடிய நடக்கும். எனவே ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது என்ன நாடகம் என்று அல்ல. ராஜபார்ட் யார், பபூன் யார் என்றுதான்.

அதற்கு விடை சொல்வது நோட்டீஸ். ரோஸ், மஞ்சள், பச்சை என்று மெல்லிய தாளில் ஒற்றை மையில் அச்சான நோட்டீசுகளைத் தாத்தா டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். மூக்கும் மீசையும் ஒன்றாகக் கலந்து படங்கள் மங்கியிருக்கும்; ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர் இருக்கும், பெயரோடு ஊர் இருக்கும், கட்டும் வேடம் இருக்கும். அந்தத் தாள்தான் அவர் தொழில் செய்தார் என்பதற்கு எங்கள் வீட்டில் உள்ள ஒரே சான்று. உங்கள் சுவரொட்டியில் ஆர்மோனியத்தை அவ்வளவு அன்போடு வரைந்திருக்கிறீர்கள். வாசிப்பவர் பெயரைத் தேடினேன்; அடியில் எறும்பு ஊர்வதைப்போன்ற எழுத்தில் எங்கோ இருந்தது. நாடகத்திலிருந்து படுதாவை எடுத்துக்கொண்டவர்கள் அதன் நோட்டீசிலிருந்து நியாயத்தையும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

சலங்கைப்பூசை எழுதியது:

நான் பரதநாட்டியம் கற்பிப்பவள். எனக்கு வேறொரு கேள்வி. படத்தில் இடப்பாதம் தரையில் ஊன்றியும் வலப்பாதம் எழும்பியும் உள்ளன. தில்லைக் கூத்தர் வலப்பாதம் ஊன்றி இடப்பாதம் தூக்கியவர். மேடையில் நாங்கள் அந்த நிலையைக் காட்டும்போதும் பெரும்பாலும் அவ்வாறே நிற்கிறோம். மதுரை வெள்ளியம்பலத்தை மனத்தில் கொண்டு மாற்றினீர்களா, அன்றி அச்சுக்குப் போகும் வழியில் யாரேனும் படத்தை இடவலமாகப் புரட்டிவிட்டார்களா? அழைப்பிதழ்களில் இடத்துக்கு ஏற்றபடி படத்தைப் புரட்டி, வலக்கைக்காரரான மிருதங்க வித்துவானை இடக்கைக்காரர் ஆக்குவதையும், ஆடுபவரின் மேலாக்கைத் தோள் மாற்றுவதையும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டதால் கேட்கிறேன்.

நீர்க்கோலம் எழுதியது:

அம்மா, அது வேண்டுமென்றே வரைந்தது. மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் ஆடும் கூத்தர் இடப்பாதம் ஊன்றி வலப்பாதம் தூக்கியவர். ஆடற்கலையைக் கற்கப் புகுந்த இராசசேகர பாண்டியன், ஆடிப் பார்த்தபோது உடல் படும் நோவை உணர்ந்து, ஒரே காலில் எந்நாளும் நிற்கும் இறைவனுக்காக வருந்தி, கால் மாறி ஆடுமாறு வேண்டினான் என்பது திருவிளையாடற் கதை. ஓர் அரசன் பயிற்சி வகுப்பில் கால் வலித்துக் கற்றுக்கொண்ட பாடம் அது என்பதால், நடன ஆசிரியர்களுக்கு அந்தக் கதை இன்னும் நெருக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மதுரையில் நடக்கும் விழாவுக்கு மதுரைக்காரரின் கால்தான் எழும்ப வேண்டும்.

புரட்டும் பேச்சும் வந்தது உண்மைதான். எழுத்துக்கு இடம் போதவில்லை என்று வடிவமைப்பாளர் படத்தைக் கணினியில் புரட்டிக் காட்டினார். கால் மாறியது, அதனோடு ஒளி வரும் திசையும் மாறி, மாலை வெயில் காலை வெயில் ஆகிவிட்டது. எழுத்தை மேலே உள்ள வெற்றிடத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் அதை வெறுமையாக விட்டேன் என்று எடுத்துச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

பபூன் வீட்டுத் தம்பிக்கு: நோட்டீசில் உள்ள நியாயம் என்று நீங்கள் எழுதியது சரியான சொல். சபா அழைப்பிதழ்களில் பாடகர் பெயர் பெரிதாகவும், பக்கவாத்தியக்காரர் பெயர் சிறிதாகவும், தம்புராவுக்குப் பெயரே இல்லாமலும் அச்சிடுவது நெடுநாள் வழக்கம். நான் கொடுத்த வரைவில் பெயர்கள் அனைத்தும் ஒரே பருமனில், பெயரோடு ஊரும் கருவியும் சேர்ந்து, அடிப்பகுதியில் இரண்டு பத்தியாக இருந்தன. இறுதி வடிவில் நன்கொடையாளர் பட்டியல் நீண்டுவிட்டதால் அந்தப் பகுதி சுருக்கப்பட்டது. அது என் விருப்பத்தோடு நடந்ததன்று. ஆனால் தாளின் உரிமை பணம் கொடுத்தவர்களிடம் இருந்தது.

முகங்களை விட்டதைப் பொறுத்தவரை என் எண்ணம் வேறு. இசை, நடனம், நாடகம் என்று மூன்று கலைகள் சேரும் விழா இது. யாருடைய முகத்தை நடுவில் வைத்தாலும் மற்ற இரண்டும் துணைக்கு வந்தவை ஆகிவிடும். ஆர்மோனியத்தை ஓரத்தில் வைத்தது அதன் இடம் மேடையில் ஓரம் என்பதால்தான். படத்தில் மிக நுணுக்கமாக வரையப்பட்ட பொருள் அதுவே என்பதை நீங்களே கவனித்திருக்கிறீர்கள்.

பிளேட்டுக்காரர் எழுதியது:

ஆஃப்செட் அச்சகத்தில் பல காலம் பிளேட் என்னும் அச்சுத் தகடு போடும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம். நீர்வண்ண ஓவியம் எங்களைப் படுத்தும் பாடு வேறு எதுவும் படுத்தாது. அல்ட்ராமரின் நீலத்தின் துலக்கம் சியான் (இளநீலம்), மெஜந்தா (இளஞ்சிவப்பு), மஞ்சள், கருப்பு என்னும் நான்கு அச்சு மைகளுக்குள் அடங்குவதில்லை. சியானும் மெஜந்தாவும் சேர்ந்து கொடுக்கும் நீலம் ஊதாப் பக்கம் சாய்ந்து மங்கிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், இளம் பூச்சுகள். தாளில் கண்ணுக்குத் தெரியும் மெல்லிய மஞ்சள் பூச்சு அச்சில் மூன்று நான்கு சதவீதப் புள்ளியாக வரும். அந்த அளவுக்குச் சிறிய புள்ளி பல இயந்திரங்களில் நிற்பதே இல்லை. வேறு சிலர் ஸ்கேனில் தெரியும் தாளின் சொரசொரப்பை அழுக்கு என்று எண்ணிச் சுத்தம் செய்யப் புகுந்து, ஓவியத்தின் உயிரான இளம் பூச்சுகளையும் சேர்த்து வெளுத்துவிடுவார்கள். இந்தச் சுவரொட்டியில் தூண்களின் நிழல் அப்படியே நிற்பதைப் பார்த்தால், யாரோ பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

டபுள் கிரவுன் அளவுக்கு, அதாவது 20க்கு 30 அங்குலத்துக்குப் பெருக்கியும் தூரிகைத் தடம் உடையாமல் இருக்கிறது. அசல் எந்த அளவு, எந்த நுண்மையில் ஸ்கேன் செய்தார்கள்? எழுத்தை ஓவியத்தின் மேலேயே எழுதினீர்களா, தனியாகவா? அதே படத்தை ஃபிளக்ஸிலும் அடித்துச் சந்திப்பில் கட்டியிருக்கிறார்கள். அது எனக்குச் சகிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் வெளுத்துப்போன போன வருடத்துப் பேனர்போல இருக்கிறது.

நீர்க்கோலம் எழுதியது:

அசல் 15க்கு 11 அங்குலம். 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற நுண்மையில் ஸ்கேன் செய்ததால், இருமடங்காகப் பெருக்கினாலும் அச்சில் 300 நிற்கிறது. தலைப்பு எழுத்தைத் தனித்தாளில் கருப்பு மையால் தட்டைத் தூரிகை கொண்டு எழுதினேன். அதைத் தனியே ஸ்கேன் செய்து, கருப்பு ஒரே மையில், மற்ற நிறங்களின் மேலே ஏறும் மேலச்சாக வருமாறு வைத்தார்கள். நான்கு மைகளும் கலந்த எழுத்து இம்மியளவு விலகினாலும் ஓரம் மங்கிவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீலத்தைப் பற்றிய கவலையால், படத்தின் முக்கியமான பகுதிகள் எதையும் தூய நீலத்தில் வைக்கவில்லை. கோயில் மதிலின் காவிப் பட்டையையொத்த செங்காவியும், படுதாவின் சிவப்பும் நான்கு மைகளில் ஓரளவு நாணயமாகவே அச்சேறுகின்றன.

ஃபிளக்ஸ் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். சந்திப்பில் கட்டும் பதாகைக்கு நீர்வண்ணம் ஏற்றதன்று. அதற்குத் தட்டையான நிறத்தில் தனியாக வரைந்து தருவதாகச் சொன்னேன், நேரமில்லை என்றார்கள்.

வண்ணமகள் எழுதியது:

நான் கல்லூரி மாணவி, அண்மையில்தான் நீர்வண்ணம் பழகத் தொடங்கியிருக்கிறேன். மதுரையின் கத்தரி வெயிலில் ஈரத்தின் மேல் ஈரம் வைக்கும் முறையை எப்படிக் கையாளுகிறீர்கள் ஐயா? எனக்குத் தாளின் ஒரு முனையை நனைத்து மறுமுனைக்குப் போவதற்குள் தொடங்கிய இடம் காய்ந்து, வண்ணம் திட்டுத்திட்டாக நிற்கிறது.

நீர்க்கோலம் எழுதியது:

மகளே, பருத்தியாலான, கனமும் சொரசொரப்பும் உள்ள 300 ஜி.எஸ்.எம். கோல்டு பிரஸ் தாளை முடிந்தவரை பயன்படுத்துங்கள். மரக்கூழ்த் தாள் நீரைப் பிடித்து வைப்பதில்லை. தாளின் பின்பக்கத்தையும் நன்றாக நனைத்து, அக்ரிலிக் பலகை போன்ற நீர் உறிஞ்சாத பரப்பில் ஒட்ட வைத்தால் கீழிருந்து ஈரம் மேலே வந்துகொண்டிருக்கும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். வியர்வை தாளில் சொட்டாமல் நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். பெரிய பூச்சுகளை விடியற்காலையில் முடித்துவிட்டு, தூண், சலங்கை போன்ற கூர்மையான வேலைகளை உச்சி வெயிலுக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம், ஏனென்றால் அவற்றுக்கு விரைவில் காய்வது நல்லதே. மாஸ்கிங் ஃபுளூயிடை மட்டும் வெயில் நாளில் தாளில் நெடுநேரம் விட்டுவைக்காதீர்கள்; பிடித்துக்கொண்டு தாளையும் சேர்த்துப் பிய்த்துவிடும்.

தெப்பக்குளத்தார் எழுதியது:

முகம் வேண்டாம் என்ற வாதத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. எஸ்.ராஜம் (1919–2010) பாடகராகவும் ஓவியராகவும் விளங்கியவர். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் என்றதும் இன்று நம் மனத்தில் எழும் உருவங்கள் அவர் வரைந்தவையே. பாட்டு அறிந்தவர் வரைந்ததால்தான் அந்த முகங்கள் நிலைத்தன. இசை விழாவுக்கு வரையும் ஓவியர் முகத்தைத் தவிர்ப்பது, தம் கையில் உள்ள பெரிய ஆற்றலைக் கைவிடுவதாகும் என்று தோன்றுகிறது.

நீர்க்கோலம் எழுதியது:

ஐயா, ராஜம் அவர்கள் செய்தது புகைப்படம் எட்டாத காலத்தவர்களுக்கு முகம் கொடுத்தது. அதற்கு அவரிடம் இசையும் இருந்தது, ஆண்டுக்கணக்கான சிந்தனையும் இருந்தது. எனக்குக் கிடைப்பது விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன் வாட்ஸ்அப்பில் வந்து சேரும், ஏற்கெனவே நாலைந்து கை மாறித் தெளிவிழந்த புகைப்படம். அதைப் பார்த்து வாழும் கலைஞர் ஒருவரின் முகத்தை எழுதினால், அவர் வீட்டாருக்கே அடையாளம் தெரியாது. நேரில் அமர்ந்து பாடக் கேட்டு வரைய வாய்ப்புத் தந்தால் முகம் எழுத நான் தயங்க மாட்டேன்.

பபூன்வீட்டுப்பேரன் எழுதியது:

பெயர்கள் சுருக்கப்பட்ட விதத்தை விளக்கியதற்கு நன்றி ஐயா. அப்படியானால் ஒரு வேண்டுகோள். நாடகம் நடக்கும் இரவுக்கு மட்டுமாவது பழைய முறையில் தனி நோட்டீஸ் போட முடியுமா? மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் நாடகம் பார்ப்பவர்கள் டவுன்ஹால் ரோட்டுச் சுவரொட்டியைப் பார்க்கப் போவதில்லை.

நீர்க்கோலம் எழுதியது:

இன்று மாலை சபாவில் பேசினேன். ஒற்றை மையில், ரோஸ் தாளில், படம் எதுவும் இல்லாமல் அடிப்பதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். நன்கொடையாளர் பட்டியல் அதில் இடம்பெறாது. எழுத்து முழுவதையும் கையாலேயே எழுதித் தருகிறேன். வேடம், பெயர், ஊர் என்ற வரிசையில் கலைஞர்களின் விவரத்தைச் சரிபார்த்து நீங்கள் அனுப்பிவைத்தால் போதும். ஆர்மோனியக்காரர் தம் பெயரோடு எந்த ஊரைப் போட விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

பிளேட்டுக்காரர் எழுதியது:

ஒற்றை மை என்றால் பிளேட் செலவு என்னுடையது. தலைப்பு எழுத்தை மட்டும் சற்றுத் தடிமனாக எழுதுங்கள். ரோஸ் தாள் மையை அதிகம் குடிக்கும்.